வளையம் திரும்பும் பக்கம்

மூன்று வருடம் பேசாமல் இருந்த அண்ணன், கசகசா கேக்கும் ஒரு கறுப்புப் பெட்டியுமாக லைப்சிக்கில் அல்மூட்டின் வீட்டு வாசலில் வந்து நின்றதைத் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

அல்மூட் ரைனிக்கே புகைப்படக்காரர்களுக்கான ஒரு பத்திரிகையில் கேமராக்களை மதிப்பிட்டு எழுதுபவள். அவளுடைய ஒவ்வொரு கட்டுரையும் ஒரே ஒரு சொல்லில் முடியும். ‘நம்பலாம்’, அல்லது ‘வேண்டாம்’. வாசகர்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் முதல் வரிக்கே வருவார்கள். வென்ட்லாண்ட் தொழிற்சாலையின் முந்தைய கேமராவைப் பற்றி அவள், “கழுத்தில் போட்டுக்கொள்ள அழகாக இருக்கிறது. வேண்டாம்” என்று எழுதினாள். அந்தத் தொழிற்சாலையில், கேமராவின் தூரம் அளக்கும் பகுதியைச் சரிபார்க்கும் அறையில் வேலை செய்பவன் அவளுடைய அண்ணன் தீலோ. அன்றோடு பேச்சு நின்றது.

பிறகுதான் கேக் வந்தது. “சின்னவளே, உள்ளே வரலாமா?” என்றான் தீலோ. அவள் அழுதாள். பெட்டியில் இருந்தது வென்ட்லாண்ட்டின் புதிய கேமரா. மதிப்பீட்டுக்காகத் தொழிற்சாலை அனுப்பியது. தபாலில் அனுப்ப மனம் வராமல் நானே எடுத்து வந்தேன் என்றான்.

அந்த வசந்தம் முழுவதும் அவள் அந்தக் கேமராவைச் சுமந்தாள். டிராமில், மீன் கடையில், மழையில். பித்தளையின் கனம் கைக்கு இதமாக இருந்தது. பொத்தானை அழுத்தினால், பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்காத அளவுக்கு மெல்லிய ஒலி. மங்கிய வெளிச்சத்திலும் தோலின் நிறம் தோலின் நிறமாகவே வந்தது. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று உண்டு. லென்ஸின் ஒளித்துளையை முழுதாகத் திறந்து வைத்து, கூர்மை மிகக் குறுகிய இடத்தில் மட்டும் விழும்படி எடுத்த எந்தப் படத்திலும் அது இடம் தவறவில்லை. கண்ணைக் குறிவைத்தால் கண். அப்படி ஒரு கேமராவை அவள் கையில் பிடித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பிவிட்டாள். கடைசிச் சொல், ‘நம்பலாம்’.

சனிக்கிழமை காலை ரயிலேறி, வென்ட்லாண்ட் தொழிற்சாலை இருக்கும் சொந்த ஊருக்கு வந்தாள். தீலோவின் மகள் ரீக்கேவுக்கு யூகெண்ட்வைஹே. பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களாக ஏற்றுக்கொள்ளும் விழா.

நகர நாடக அரங்கில் பிள்ளைகள் வரிசையாக மேடையேறினார்கள். புதுக் காலணி கடித்ததால் ரீக்கே சற்றே நொண்டினாள். வகுப்பாசிரியை அவள் கையில் ஒரு புத்தகமும் ஒரு ரோஜாவும் கொடுத்து, “உங்களுக்கு என் வாழ்த்துகள்” என்றார். நேற்றுவரை நீ. இன்றிலிருந்து நீங்கள். ரீக்கேவின் காது சிவந்தது. அந்தக் கணத்தை அல்மூட் ஐந்தாம் வரிசையிலிருந்து எடுத்தாள். கேமராவின் பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

பக்கத்தில் அமர்ந்திருந்த தீலோ எட்டிப் பார்த்தான்.

“எப்படி இருக்கு?”

“உன் பொண்ணா, கேமராவா?”

“ரெண்டும்தான்.”

“ரெண்டுமே நல்லா வளர்ந்திருக்கு” என்றாள்.

அவன் சிரிக்காமல் மேடையைப் பார்த்தான். அப்போது அது அவளுக்கு விசித்திரமாகப் படவில்லை.

*

மதியத்துக்கு மேல் எல்லோரும் சாலே ஆற்றை ஒட்டியிருந்த அவர்களுடைய தோட்டத்துக்குப் போனார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலி மேலாக ரீக்கேவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். சாஸேஜ் என்னும் இறைச்சிக்குழல்களைச் சுடத் தீலோ கரியடுப்பைப் பற்றவைத்தான். அவனுடைய மனைவி கெசீனே உருளைக்கிழங்கு சாலட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, வைன் கோப்பையோடு அல்மூட்டின் எதிரே அமர்ந்தாள்.

“எல்லாரையும் எடுக்கற, உன்னை யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. கொண்டா இங்க.”

“எட்டாயிரம் யூரோ. கீழ போட்டா உன் தோட்டத்தை எழுதி வாங்கிடுவாங்க.”

“எழுதிக்கட்டும். களை பிடுங்கற வேலை எனக்கு மிச்சம்.”

கெசீனே கேமராவைக் கண்ணில் வைத்து, நாலைந்து முறை அழுத்தினாள். பிறகு பின்பக்கத் திரையைப் பார்த்தாள். எல்லாம் கறுப்பு.

ரீக்கே கைகொட்டிச் சிரித்தாள். “அம்மா, மூடி. லென்ஸ் மூடி.”

இந்த வகைக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் சாளரம் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. லென்ஸை மூடி வைத்திருந்தாலும் சாளரத்தில் உலகம் பளிச்சென்று தெரியும். அந்த ஊரில் அதில் ஏமாறாத குடும்பம் இல்லை. கெசீனேவும் தீலோவும் தங்கள் கல்யாண ஊர்வலப் படங்களில் பாதியை அப்படித்தான் இழந்தார்கள்.

“தொழிற்சாலையில வேலை பார்க்கறவன் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியல” என்று அடுப்படியிலிருந்து தீலோ குரல் கொடுத்தான்.

“உங்க தொழிற்சாலைல இவ்வளவு காசு வாங்கறீங்களே, மூடி போட்டிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்க கேமராவுக்கு?”

மூடியைக் கழற்றி மறுபடி எடுத்தாள். சாளரத்தின் நடுவே சிறிய ஒளிக்கட்டம் ஒன்று இருக்கும். அதில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். ஒன்றான இடத்தில்தான் கூர்மை. கல்யாணத்துக்கு முன் கெசீனே ஒரு கேமராக் கடையில் வேலை செய்தவள். அவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரையில் பெரிதாக்கியபோது அல்மூட்டின் காது மிகத் தெளிவாக இருந்தது. தோட்டின் திருகுகூடத் தெரிந்தது. கண்கள் மட்டும் பஞ்சு போல இருந்தன.

“வைன் வேலை செய்யுது” என்றாள் அல்மூட்.

“ஒரு கோப்பைதான். இரு.”

மறுபடி காது. அதற்கடுத்ததும் காது.

ரீக்கே வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் காதுதான். “அத்தை, உங்க காது ரொம்ப அழகுன்னு கேமரா சொல்லுது” என்றாள்.

அல்மூட் கேமராவை வாங்கிக் கெசீனேவை எடுத்தாள். கண். ரீக்கேவை எடுத்தாள். கண். மறுபடி கெசீனேவிடம் கொடுத்தாள். இந்த முறை அவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள்.

கெசீனே வளையத்தைத் தொலைவு முனையில் வைத்துத் தொடங்கினாள். அங்கிருந்து அருகே கொண்டுவந்தாள். இரண்டு உருவமும் சேர்ந்ததும் நிறுத்தினாள். ஊரே அப்படித்தான் செய்யும். தொழிற்சாலையில் புதிதாகச் சேருபவர்களுக்கும் அப்படித்தான் கற்றுத்தருகிறார்கள்.

அல்மூட் கேமராவைத் திரும்ப வாங்கி உயர்த்தியபடி தன் கையைப் பார்த்தாள். அது என்ன செய்கிறது என்று அவள் இதுவரை கவனித்ததில்லை. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போதே அவள் விரல் வளையத்தை அருகு முனைவரை இழுத்துவிட்டிருந்தது. அங்கிருந்துதான் அவள் வெளியே போனாள். அருகிலிருந்து தொலைவுக்கு.

கேமராவை இறக்கி மேசையில் வைத்தாள்.

“கெசீனே, கருவிப் பெட்டியில மடக்கு அளவுகோல் இருக்குமா?”

“எதுக்கு? இன்னிக்குமா வேலை?”

“சும்மா.”

தோட்டத்துக் குடிலின் பின்னால் இருந்த பழைய மேசையில் அளவுகோலைச் சாய்வாக நிறுத்தினாள். கவிழ்த்த பீர்ப் பெட்டியின் மேல் கேமராவை வைத்தாள். அளவுகோலின் நடுவே ஒரு கோட்டைக் குறிவைத்து, அருகு முனையிலிருந்து வந்து எடுத்தாள். கோடு கத்தி போல இருந்தது. வளையத்தைத் தொலைவு முனைக்குத் தள்ளி, அங்கிருந்து திரும்பி வந்து, சாளரத்தில் அதே கோட்டை அதே போல ஒன்றாக்கி எடுத்தாள். கூர்மை கோட்டுக்குப் பின்னால் இரண்டு விரற்கடை தள்ளி விழுந்திருந்தது.

திரும்பத் திரும்ப எடுத்தாள். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு விரற்கடை.

கேமராவுக்குள் எங்கோ ஒரு தளர்வு இருந்தது. அது இருப்பதைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடியும். தளர்வு இருந்தால் பிழையைப் பாதிப் பாதியாக இரு பக்கமும் பிரித்து வைப்பார்கள். அதுதான் தீலோ வேலை செய்யும் அறையின் வழக்கம். இதில் பிரிக்கவில்லை. ஒரு பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து, அழுக்கு முழுவதையும் மறுபக்கம் தள்ளியிருந்தார்கள். அவள் திருப்பாத பக்கம்.

அவள் ஏன் அப்படித் திருப்புகிறாள் என்பது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அப்பாவின் கேமராவைத் தீலோ கல்படியில் போட்டுவிட்டான். அதன் பிறகு வளையம் தொலைவு முனைக்குப் போனால் கொக்கி மாட்டிக்கொள்ளும், திரும்பி வராது. அப்பாவிடம் இருவரும் சொல்லவில்லை. “அந்தப் பக்கம் போகாதே, கிட்ட இருந்தே வா” என்று அவள் விரலைப் பிடித்துப் பழக்கியவன் அவன்தான். பிறகு அவனுக்கு வேறு கேமராக்கள் வந்தன, பழக்கம் போய்விட்டது. அவளுக்குப் போகவில்லை.

அல்மூட் பீர்ப் பெட்டியின் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். ஆற்றுப் பக்கமிருந்து யாரோ புல் வெட்டும் ஓசை வந்தது. பிறகு அது நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

*

தீலோ கரியின் மேல் பீரைத் தெளித்துக்கொண்டிருந்தான். புகை எழுந்து அவன் முகத்தை மறைத்தது.

“தீலோ, ஒரு நிமிஷம்.”

“வெந்துகிட்டிருக்கு.”

“வேகட்டும்.”

அவள் கழுத்தில் கேமரா தொங்கியது. கையில் மடக்கு அளவுகோல். அவன் முதலில் அளவுகோலைத்தான் பார்த்தான். பார்த்ததும் இடுக்கியால் ஒரு இறைச்சிக்குழலைப் புரட்டினான். அது ஏற்கனவே புரட்டியதுதான்.

“கெசீனே எடுத்தா என் காது தெளிவா வருது” என்றாள்.

“அவ குடிச்சிருக்கா.”

“நானும் குடிச்சிருக்கேன். நான் எடுத்தா கண்ணு வருது.”

“நீ நல்லா எடுக்கற. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்.”

“நான் எந்தப் பக்கம் திருப்புவேன்னு யாருக்குத் தெரியும், தீலோ? என் பத்திரிகை ஆசிரியருக்குத் தெரியாது. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். கைகளை முன்கட்டுத் துணியில் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான்.

“முதல் தொகுதி முழுக்க அப்படித்தான்” என்றான் கடைசியில். “உள்ளே ஒரு சின்னக் கை இருக்கும், லென்ஸைத் தொட்டுகிட்டே நகரும். அதோட அச்சு தளர்வு. நாங்க மேலே சொன்னோம். அடுத்த தொகுதியில மாத்திக்கலாம்னாங்க.”

“அதை நான் எழுதியிருப்பேன்ல.”

“எழுதினா அடுத்த தொகுதியே இருக்காது. போன தடவை நீ எழுதின அப்புறம் எங்க அறையில பாதி மேசை காலி. உனக்குத் தெரியுமா அது?”

அவளுக்குத் தெரியாது. அவன் சொன்னதில்லை. பேசாதவன் எப்படிச் சொல்வான்.

“மத்தவங்களுக்கு அனுப்பினதெல்லாம்?”

“நடுவுல வெச்சு அனுப்பினோம். அவங்களுக்கு அவ்வளவா தெரியாது. உனக்குத் தெரியும். அதனால உன்னோடதை மட்டும் என் மேசைக்குக் கொண்டுவந்தாங்க.”

“ஏமாத்தணும்னு சொன்னாங்களா?”

“யாரும் எதுவும் சொல்லல. உங்க தங்கச்சிக்குப் போறது, நீங்களே பாத்துக்கங்கன்னாங்க. நான் பாத்துகிட்டேன்.” அவன் குரல் தாழ்ந்தது. “இது ஏமாத்தறது இல்ல, சின்னவளே. தையக்காரன் ஆளைப் பாத்து அளவெடுக்கறான்ல, அந்த மாதிரி.”

“நான் எனக்கா வாங்கறேன்? என்னை நம்பிக் காசு கொடுக்கறவங்க கை என் கை இல்லையே.”

கரி படபடவென்று வெடித்தது. வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். தக்காளிச் செடிகளுக்கு நீர் பாயும் ஓசையை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்காமல் ரயிலேறிவிட்டால் நல்லது என்றும் தோன்றியது. கேட்காத கேள்விக்கு, தனக்குப் பிடித்த பதிலை வைத்துக்கொண்டு பிழைத்துவிடலாம்.

“அன்னிக்குக் கேக்கோட வந்தியே” என்றாள். “யார் அனுப்பி வந்தே?”

இறைச்சிக்குழல் ஒன்று ஒரு பக்கம் கறுக்கத் தொடங்கியது. எந்த ஊரிலும் எந்த விருந்திலும் அதைக் கருக விடாத தீலோ, அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“கேக் என்னோட யோசனை” என்றான்.

*

“அப்பா, அத்தை, ரெண்டு பேரும் இங்க வாங்க. எல்லாரும் சேர்ந்த படம் வேணும்.”

ரீக்கே ஆப்பிள் மரத்தடியில் நின்றாள். கையில் ரோஜா. காலில் செருப்பு, கடித்த காலணிகளைக் காணோம். கெசீனே அவள் தோளில் கை போட்டிருந்தாள்.

“அத்தை எடுக்கட்டும்” என்றான் தீலோ.

“அத்தை இல்லாத படம் எதுக்கு? நீ எடுப்பா. உன் முறை முடிஞ்சதும் நீ வந்து நில்லு, அம்மா எடுப்பாங்க.”

“என்னடி, அப்பாவை ‘நீ’ன்னு சொல்றே?” என்றாள் கெசீனே.

“இன்னிலேர்ந்து நீங்கதான் என்னை நீங்கன்னு கூப்பிடணும். நான் இல்ல.”

அல்மூட் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினாள். லென்ஸின் ஒளித்துளை முழுதாகத் திறந்திருந்தது. அதை அவள் மாற்றவில்லை. வளையத்தைத் தொலைவு முனைக்குத் தள்ளி, தீலோவிடம் நீட்டினாள்.

“எடு” என்றாள். “நீ வழக்கமா எடுக்கற மாதிரியே எடு.”

போய் ரீக்கேவின் பக்கத்தில் நின்றாள். வெயில் கண்ணில் அடித்தது. ஆனாலும் அவன் விரலைவிட்டு அவள் பார்வை நகரவில்லை.

தீலோ கேமராவைக் கண்ணில் வைத்தான். வளையத்தில் விரல் வைத்தான். அவனுடைய விரல் தொலைவிலிருந்து வரும் விரல். புதியவர்களுக்கு அதைக் கற்றுத்தருபவனே அவன்தான். வளையம் கொஞ்சம் நகர்ந்தது. நின்றது.

“சீக்கிரம்பா, கன்னம் வலிக்குது” என்றாள் ரீக்கே சிரித்தபடியே.

அவன் கேமராவை இறக்கினான். மகளைப் பார்த்தான். அவள் பெரியவளான நாள் இது, இன்னொரு முறை வராது. மறுபடி கேமராவை உயர்த்தினான். வளையத்தை மெதுவாக, யாரும் பார்க்கக் கூடாத ஒன்றைச் செய்பவனைப் போல, அருகு முனைவரை இழுத்தான். அங்கிருந்து வெளியே வந்தான்.

அல்மூட் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் சாளரத்தின் வழியே பார்த்தான்.

மெல்லிய அந்த ஒலி கேட்டது.

ரீக்கே ஓடிப்போய்க் கேமராவைப் பிடுங்காத குறையாகத் திரையை எட்டிப் பார்த்தாள். “அம்மா, இங்க பாருங்க. கண்ணு, மூக்கு எல்லாம் எவ்வளவு தெளிவு. அப்பா, எங்களுக்கு வராதது உனக்கு எப்படி வந்துச்சு?”

அல்மூட் வேலிப்படல் வரைக்கும் நடந்தாள். செல்பேசியை எடுத்தாள். சனிக்கிழமையிலும் அவளுடைய ஆசிரியர் வின்ஃப்ரீட் உடனே எடுத்துவிட்டார். பின்னணியில் ஏதோ கால்பந்து ஆட்டத்தின் இரைச்சல்.

“அல்மூட், படிச்சேன். ரொம்ப நல்லா வந்திருக்கு. திங்கக்கிழமை போட்டுடலாம்.”

“போடாதீங்க.”

இரைச்சல் குறைந்தது. “ஏன்?”

“கடைசி வார்த்தை தப்பு.”

“சரி. மாத்திக்கலாம். ஆனா வாசகன் கேப்பானே, முழுக்கப் புகழ்ந்துட்டுக் கடைசியில ஏன் இப்படின்னு. காரணத்தை எழுதணும். எப்படிக் கண்டுபிடிச்சேன்னு எழுதணும். உனக்கு வந்த கேமரா மட்டும் ஏன் வேற மாதிரி இருந்துதுன்னும் எழுத வேண்டி வரும்ல?”

தீலோவைப் பற்றி அறிந்து அவர் கேட்கவில்லை. நல்ல ஆசிரியர் கேட்க வேண்டியதைக் கேட்டார். ஆனால் ‘உனக்கு வந்த கேமரா மட்டும்’ என்று அவர் எதை வைத்துச் சொன்னார் என்று அவளுக்கு ஒரு கணம் உறைத்தது. மற்றப் பத்திரிகைகளின் மதிப்பீடுகளை அவர் ஏற்கனவே பார்த்திருக்கக்கூடும்; அவற்றில் அந்தப் பிழை லேசாகவாவது தெரிந்திருக்கும்.

திரும்பிப் பார்த்தாள். மரத்தடியில் தீலோ கேமராவை இரு கையாலும் பிடித்தபடி, எங்கே வைப்பதென்று தெரியாதவனைப் போல நின்றான். அவனுக்குப் பின்னால் அடுப்பில் எல்லாமே கருகிக்கொண்டிருந்தது. ரீக்கே புகையைக் கையால் விலக்கிக்கொண்டு அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அத்தை” என்றாள். “நான் பெரியவள்னு காலைல மேடையில சொன்னாங்க. என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சொல்லுங்க.”

“அல்மூட்?” என்றார் வின்ஃப்ரீட், காதுக்குள். “இருக்கியா? யார் பேரையாவது எழுத வேண்டி வருமா?”